நண்பர்கள் மூன்று ஊரில், டிஎம் ஒரே ஆள்: இணையத்தில் ஆர்பிஜி ஆட எது தோது?

கல்லூரி விடுதியில் நான்கு வருடம் சேர்ந்து ஆடிய ஐந்து பேர். இப்போது ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டொராண்டோவில், மிச்ச மூவர் சென்னையில். மறுபடி ஆட ஆசை. ஆனால் இரண்டு மாதமாக அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நடப்பது என்னவோ ‘ரோல்20-ஆ, ஃபவுண்ட்ரியா’ என்ற பட்டிமன்றம்தான். இரண்டும் இணையத்தில் கூடி ஆட உதவும் மேசை மென்பொருள்கள். ஒரு பகடைகூட இன்னும் உருளவில்லை. ‘நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுங்கள்’ என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இதே மாதிரி வேறு சிலரும் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, கூடிக் கதை வளர்க்கும் விளையாட்டு. உலகத்தையும் எதிரிகளையும் ஒருவர் நடத்துவார், அவர்தான் டிஎம். செய்வது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் (சுருக்கமாக டி அண்ட் டி) இதற்கெல்லாம் மூத்தது. நாலு முகம் முதல் இருபது முகம் வரை விதவிதமான பகடைகள் உண்டு. தாயக்கட்டை உருட்டிச் சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்குப் பழக அரை மணி நேரம் போதும்.

## முதலில் எதைப் பார்ப்பது

எல்லோரும் வசதிப் பட்டியலைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். வெளிச்சம் தானாகப் பரவுமா, முப்பரிமாணப் பகடை உண்டா, பின்னணி இசை வருமா என்று. இவற்றில் எதுவும் ஒரு ஆட்டத்தை ஆறு மாதம் நிற்க வைத்ததாக நான் பார்த்ததில்லை. ஆட்டங்கள் நின்றுபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் டிஎம் களைத்துப் போனதால்தான். அதனால் என் அளவுகோல்கள் இந்த வரிசையில்:

டிஎம்முக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒழிகிறது? இதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

குழுவிலேயே மோசமான கருவி யாருடையது? நால்வரிடம் நல்ல மடிக்கணினி இருந்து ஐந்தாமவர் ஃபோனில்தான் ஆட முடியும் என்றால், உங்கள் குழு ஃபோனில் ஆடும் குழு.

ஆடப்போகும் விதிமுறைக்குக் கட்டம் தேவையா? டி அண்ட் டி, பாத்ஃபைண்டர் போன்றவற்றில் ஒரு கட்டம் ஐந்தடி. யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதில் உயிரே போகும். கால் ஆஃப் கதுலு மாதிரியான துப்பறியும் ஆட்டங்களில் வரைபடம் வெறும் அலங்காரம்.

பணம் எவ்வளவு, யார் கையிலிருந்து? கடைசியாக, எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிறீர்களா?

அவசரக்காரர்களுக்காக ஒரு அட்டவணை. மற்றவர்கள் கீழே வாருங்கள்.

| வழி | டிஎம்மின் முன்வேலை | ஃபோனில் ஆடலாமா | செலவு | எதற்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| வெறும் குரல் | குறைவு | தாராளமாக | இல்லை | பேச்சும் கதையும் மிகுந்த ஆட்டம் |
| எளிய பலகை | கொஞ்சம் | ஆடலாம் | இல்லை | அவ்வப்போது சண்டை வரும் ஆட்டம் |
| ரோல்20 | நடுத்தரம் | சிரமம் | இலவசம் அல்லது மாதச் சந்தா | புதியவர்கள், டி அண்ட் டி |
| ஃபவுண்ட்ரி | மிக அதிகம் | வேண்டாம் | ஒரே தடவை 50 டாலர் | நீண்ட கேம்பெய்ன் (பல செஷன் தொடரும் ஒரே கதை), பாத்ஃபைண்டர் |
| எழுத்தில் ஆடுவது | தினமும் சிறிது | தாராளமாக | இல்லை | நேரம் ஒத்துவராத குழு |

## வெறும் குரல்

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு குரல் அறை, ஆளுக்கொரு கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் விவரத் தாள்), அவ்வளவுதான். எங்கள் குழு 2020 ஊரடங்கில் இப்படித்தான் தொடங்கியது. முதல் இரண்டு மாதம் படமே கிடையாது. அந்த இரண்டு மாதத்தில் நடந்த காட்சிகளைத்தான் இன்றும் சந்திக்கும்போதெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

செலவு இல்லை. ஃபோன் போதும். மடிக்கணினி கரண்ட் போய் அணைந்தால் ஃபோன் டேட்டாவில் திரும்பி வந்துவிடலாம். டிஎம்முக்கே கரண்ட் போனாலும் மற்றவர்கள் கதாபாத்திரமாகவே பேசிக்கொண்டிருப்பார்கள், ஆட்டம் அறுந்து போகாது. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்திலும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடத்திலும் அழைப்பு முடிந்துவிடும். டிஸ்கார்டில் அந்தக் கெடு கிடையாது. அதனால்தான் பெரும்பாலான குழுக்கள் அங்கே குடியிருக்கின்றன.

இதன் மறைவான விலை வேறு இடத்தில் இருக்கிறது. நேரில் ஆடும்போது ஒரு மூலையில் இருவர் திட்டம் போடுவார்கள், இன்னொருவர் டிஎம்மிடம் சந்தேகம் கேட்பார், யாரோ முறுக்கைக் கடிப்பார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அழைப்பில் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். அதிகம் பேசுபவர் இன்னும் அதிகம் பேசுவார், கூச்சக்காரர் காணாமல் போய்விடுவார். டிஎம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ‘நீ என்ன செய்கிறாய்?’ என்று சுற்றி வந்தே ஆக வேண்டும். பந்தியில் இலை விடாமல் பரிமாறுகிற மாதிரி. இதற்கு ஆற்றல் செலவாகும். நேரில் நாலு மணி நேரம் ஆடியவர்கள் அழைப்பில் இரண்டரை மணி நேரத்தில் களைத்துவிடுவார்கள். அதைக் கணக்கில் வைத்தே செஷனைத் திட்டமிடுங்கள்.

பகடை விஷயத்திலும் ஒரு வேடிக்கை. டிஸ்கார்டில் கிரிஸ்ப் என்ற இரைச்சல் நீக்கி உண்டு. ஃபேன் சத்தத்தையும் குக்கர் விசிலையும் நன்றாகவே வடிகட்டும். சேர்த்துப் பகடை உருளும் சத்தத்தையும் விழுங்கிவிடும். ‘இருபது விழுந்தது!’ என்று ஒருவர் கத்துவார், மற்றவர்கள் காதில் எதுவும் உருண்டிருக்காது. நம்பிக்கை உள்ள குழுவில் பிரச்சினையில்லை. இல்லையென்றால் அவ்ரே போன்ற, பகடை உருட்டித் தரும் ஒரு தானியங்கி நிரலை (bot) டிஸ்கார்டில் சேர்த்துவிடுங்கள். கட்டளையைத் தட்டினால் முடிவு எல்லோருக்கும் தெரியும். கட்டை சாய்ந்து விழுந்தால் செல்லுமா செல்லாதா என்று பாட்டியிடம் வாதாடியவர்களுக்கு இதில் ஒரு சுவை குறையும். என்ன செய்வது.

சண்டையில் நாலு எதிரிக்கு மேல் இருந்தால் குரல் மட்டும் தாங்காது. ‘நான் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறேன்?’ என்ற கேள்வி மூன்றாவது தடவை வந்ததும் அடுத்த வழிக்கு மாறிவிடலாம்.

## எளிய பலகை

குரல் அப்படியே டிஸ்கார்டில் இருக்கும். கூடவே உலாவியில் ஒரு படம், அதன்மேல் நகர்த்தத்தக்க வட்டங்கள். ஔல்பேர் ரோடியோ இதற்காகவே செய்யப்பட்டது. டிஎம் ஒரு அறை திறந்து இணைப்பை அனுப்பினால் போதும், ஆடுபவர்கள் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. கட்டம், மறைக்கும் மூடுபனி, தூரம் அளக்கும் கோல் எல்லாம் உண்டு. உயிர்ப்புள்ளிக் கணக்கையோ விதிமுறையையோ அது கண்டுகொள்ளாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அதுவும் வேண்டாம் என்றால் கூகுள் ஸ்லைட்ஸ் போதும். ஒரு ஸ்லைடில் குகையின் படம், மேலே ஐந்து நிற வட்டங்கள், எல்லோருக்கும் திருத்தும் அனுமதி. என் நண்பர் ஒருவர் ஒரு கேம்பெய்னையே இப்படி முடித்தார். யாராவது கைதவறிக் குகையையே இழுத்துக்கொண்டு போவார்கள். அன்டு போட்டுவிட்டு ஆட வேண்டியதுதான்.

மறைவான விலை என்றால், இலவசமாகக் கிடைப்பது எத்தனை நாள் இருக்கும் என்ற நிச்சயமின்மை. பலர் வரைபடத்துக்குப் பயன்படுத்திய கூகுள் ஜாம்போர்டு 2024 கடைசியோடு மூடப்பட்டது. பெரிய நிறுவனம் என்றாலும் உத்தரவாதம் கிடையாது. டி அண்ட் டியை வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் சிகில் என்ற முப்பரிமாண மேசையை 2025 தொடக்கத்தில் வெளியிட்டது. சில வாரங்களிலேயே அதைக் கட்டிய குழுவில் பெரும்பாலோரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. அதனால் வரைபடங்களையும் குறிப்புகளையும் உங்கள் கணினியிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலகை போனால் இன்னொரு பலகை கிடைக்கும்.

## ரோல்20

விடிடி என்று சுருக்கமாகச் சொல்லும் மெய்நிகர் மேசைகளில் பலருக்கும் முதலில் அறிமுகமாவது இதுதான். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் நிதியில் தொடங்கியது. உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். வரைபடம், கேரக்டர் ஷீட், பகடை எல்லாம் ஒரே இடத்தில். ஷீட்டில் வாளின் பேரைத் தொட்டால் பகடை உருண்டு, கூட்டல் கணக்கும் போட்டு முடிவு வந்துவிடும். கூட்டலில் தடுமாறும் புதியவர்களுக்கு இது பெரிய வரம்.

காசு விஷயத்தில் ஒரு ஆறுதல் உண்டு. சந்தா கட்டுவதென்றால் டிஎம் கட்டினால் போதும். ஆடுபவர்கள் இலவசக் கணக்கிலேயே வரலாம். இலவசக் கணக்கில் டிஎம்முக்கு 100 எம்பி இடம் தருகிறார்கள். 5 எம்பி வரைபடமாக ஏற்றினால் இருபதோடு நிரம்பிவிடும். ஏற்றும் முன் படத்தைச் சுருக்கினால் வருடக்கணக்கில் ஓட்டலாம், நான் ஓட்டியிருக்கிறேன்.

புத்தகம் வாங்கும் இடத்தில்தான் கவனம் தேவை. இலவசமாக உள்ளே இருப்பது எஸ்ஆர்டி எனப்படும் அடிப்படை விதித் தொகுப்பு மட்டும். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அந்தத் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள், அதனால் எல்லா மேசைகளிலும் அது இருக்கும். ஆனால் உங்கள் நண்பர் ஆசைப்படும் அந்த விசேஷக் கதாபாத்திர வகை அதில் இருக்காது. கையால் தட்டச்சு செய்யலாம், அல்லது ரோல்20 கடையில் புத்தகத்தை வாங்கலாம். அச்சுப் புத்தகம் கையில் இருந்தாலும் இங்கே மறுபடி காசுதான். நாளைக்கு வேறு மேசைக்கு மாறினால் வாங்கியது கூட வராது. ஒரே புத்தகத்துக்கு மூன்று தடவை பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் நான்.

இந்தியாவிலிருந்து டாலர் சந்தா கட்டுவதில் இன்னொரு தலைவலி உண்டு. 2021 அக்டோபரில் கணக்கிலிருந்து பணம் தானாகக் கழிக்கப்படுவது (ஆட்டோ டெபிட்) பற்றிய ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தபின், நம் கார்டுகளில் பல வெளிநாட்டு மாதச் சந்தாக்கள் தாமாகப் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயின. சந்தா எடுப்பதென்றால் வருடச் சந்தாவாக ஒரே தடவையில் கட்டிவிடுவது நிம்மதி. சர்வதேசப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அந்நியச் செலாவணி மாற்றுக்கட்டணம் என்று வங்கி தனியாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

ஃபோனில்? ஷீட் பார்க்கலாம், பகடை உருட்டலாம். வரைபடத்தை விரலால் நகர்த்துவது பொறுமைக்கு வைக்கும் சோதனை.

## ஃபவுண்ட்ரி

2020 மே மாதம் வெளிவந்தது. சந்தா கிடையாது; 50 டாலர், ஒரே தடவை. இன்றைய மதிப்பில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய், வரி தனி. டிஎம் ஒருவர் வாங்கினால் போதும், ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு சினிமாவும் பாப்கார்னும். மற்றவர்கள் உலாவியில் வந்து சேர்வார்கள்.

அழகாக இருக்கிறது என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. தீவட்டியை ஏந்தி நடந்தால் சுவரில் நிழல் ஓடும், கதவைத் திறந்தால்தான் அடுத்த அறை தெரியும். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆடுபவர்களாக இருந்தால் நான் வாதாடவே மாட்டேன், இதையே எடுங்கள். அந்த விளையாட்டின் விதிகள் முழுதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபவுண்ட்ரிக்கான இலவசத் தொகுப்பில் அவை அப்படியே உள்ளே இருக்கின்றன. அதன் சிக்கலான கூட்டல் கழித்தல்களை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

சரி, விலை என்ன என்று பார்ப்போம். ஃபவுண்ட்ரி ஒரு வீடு மாதிரி. ரோல்20-இல் வாடகைக்கு இருக்கிறீர்கள், குழாய் ஒழுகினால் வீட்டுக்காரர் பார்ப்பார். இங்கே நீங்கள்தான் பிளம்பர். அது உங்கள் கணினியில் ஓடும், மற்றவர்கள் இணையம் வழியாக உங்கள் கணினிக்கு வர வேண்டும். அதற்கு மோடத்தில் 30000 என்ற வாயிலைத் திறந்துவிடச் சொல்வார்கள். நம் ஊரில் இது பல வீடுகளில் வேலை செய்யாது. காரணம் சிஜிநாட். நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐபிவி4 முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய அபார்ட்மென்ட்டுக்கு ஒரே கதவு எண் இருந்து, எந்த ஃபிளாட் என்று வாட்ச்மேனுக்கும் தெரியாவிட்டால் கூரியர் எப்படி வந்து சேரும்? அதே கதை. நான் ஒரு வார இறுதி முழுக்க மோடத்தோடு மல்லாடிவிட்டு உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்றார்கள். மூன்றாவது அழைப்பில்தான் ஒருவர் விஷயத்தைச் சொன்னார்.

வழி இல்லாமல் இல்லை. நிலையான முகவரியைக் கூடுதல் கட்டணத்துக்குக் கேட்டு வாங்கலாம். கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சுரங்கப்பாதைச் சேவையை அமைக்கலாம். அல்லது தி ஃபோர்ஜ் மாதிரி ஃபவுண்ட்ரியைத் தன் கணினியில் ஓட்டித் தரும் சேவைக்கு வாடகை கட்டலாம். கடைசி வழிதான் நிம்மதி. ஆனால் சந்தா வேண்டாம் என்று ஃபவுண்ட்ரிக்கு வந்தவர் மறுபடி சந்தா கட்டுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய செலவு நேரம். சுவர் ஒவ்வொன்றையும் கோடு போட்டுக் காட்ட வேண்டும், விளக்கு வைக்க வேண்டும், எதிரிகளை உள்ளே நிறுத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்து ஒரு நிலவறையைச் செதுக்கினேன். அன்றிரவு என் குழு வாசலில் நின்று பத்து நிமிடம் யோசித்துவிட்டு, உள்ளே புகை போட்டு எல்லாரையும் வெளியே வரவழைத்தது. நிலவறைக்குள் ஒரு கால்கூட வைக்கவில்லை. நல்ல யோசனைதான், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பாராட்ட வாய் வரவில்லை. இவ்வளவு உழைத்துச் செய்த டிஎம் தன்னையறியாமல் ஆடுபவர்களை அந்த அறைக்குள்ளேயே தள்ளப் பார்ப்பார். படம் அழகாக அழகாகக் கதை குறுகுவதை நான் பல மேசைகளில் பார்த்துவிட்டேன்.

மாட்யூல்கள் இன்னொரு புதைகுழி. இலவசத் துணை நிரல்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். முப்பதைச் சேர்த்துவிட்டு மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறினால் குறைந்தது பத்து வேலை செய்யாமல் நின்றுவிடும். கேம்பெய்ன் நடுவில் பதிப்பு மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் முதலில் நகல் எடுங்கள்.

டிஎம்முக்கே கணினியை நோண்டுவது பொழுதுபோக்கா? அப்படியென்றால் இந்த உழைப்பெல்லாம் அவருக்கு விளையாட்டின் பாதி, தாராளமாக வாங்குங்கள். ஃபேன்டசி கிரவுண்ட்ஸ் என்று 2004 முதல் இருக்கும் இன்னொரு மேசையும் உண்டு. அதையும் பழகப் பொறுமை வேண்டும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

## எழுத்தில் ஆடுவது

இணையத்துக்கு முன்பே தபாலில் இப்படி ஆடியிருக்கிறார்கள். டிப்ளமசி என்ற பலகை விளையாட்டை 1963-லேயே அமெரிக்காவில் அஞ்சல் வழியாக நடத்தத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கு டிஸ்கார்டிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு தனிக்குழு போதும். டிஎம் ஒரு காட்சியை எழுதுவார், அவரவர் முடிந்தபோது பதில் எழுதுவார்கள்.

கூச்சக்காரர்கள் இங்கேதான் மலர்கிறார்கள். அழைப்பில் வாயே திறக்காத எங்கள் நண்பர் ஒருவர், எழுத்தில் தன் கதாபாத்திரத்தின் பழைய ஊரைப் பற்றி எழுதியதைப் படித்து அசந்துபோனோம். தமிழில் ஆட ஆசைப்படுகிறவர்களுக்கும் இது நல்ல இடம். அழைப்பில் விதிமுறைப் பேச்சு எல்லாம் ஆங்கிலத்துக்கே வழுக்கிக்கொண்டு போகும். எழுத உட்கார்ந்தால் தமிழ் வருகிறது. ஒரு சின்ன இடைஞ்சல்: டிஸ்கார்டின் இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2000 குறி வரம்பு. நாம் ஒரே எழுத்தாக எண்ணும் ‘க்’ கணினிக்கு இரண்டு குறி. ஆங்கிலத்தில் எழுதுபவரைவிட நாம் சீக்கிரம் சுவரில் முட்டுவோம்.

வேகம்தான் பெரிய விலை. டிஎம்மோடு ஐந்து பேர், மூன்று சுற்றுச் சண்டை, முறை வைத்து ஆளுக்கொரு பதிவு. பதினைந்து பதிவு. நாளுக்கு ஒன்று என்றால் ஒரு கோப்ளின் கூட்டத்தை அடிக்கப் பதினைந்து நாள். அதற்குள் எதற்குச் சண்டை என்பதே மறந்துவிடும். முறை வைக்காமல் யார் முதலில் எழுதினாலும் சரி என்று விடுங்கள். ஒரு நாள் முழுக்கப் பதில் வராதவருடைய கதாபாத்திரத்தை டிஎம் நகர்த்துவார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு விதியும் இல்லாத எழுத்தாட்டம் ஒரு மாதம் தாண்டியதை நான் பார்க்கவில்லை.

## அந்த மூன்று ஊர்க் குழுவுக்கு

உங்கள் கடிதத்தில் இரண்டு தகவல் எனக்கு முக்கியமாகப் பட்டது. டிஎம்முக்கு ஐடி வேலை, கைக்குழந்தை. சிங்கப்பூர் நண்பரிடம் இருப்பது ஃபோன் மட்டும். இதோடு ஃபவுண்ட்ரிப் பேச்சு முடிந்துவிட்டது. ரோல்20-உம் சிங்கப்பூரில் தடுமாறும்.

நான் சொல்வது: குரலுக்கு டிஸ்கார்ட், சண்டை வரும் நாளில் மட்டும் ஔல்பேர் ரோடியோ. இரண்டு செஷனுக்கு நடுவே கடைக்குப் போவது, கடிதம் எழுதுவது, இரவுக் காவலில் பேசிக்கொள்வது எல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே டிஎம் ஒரு கையால் பதில் போடலாம்.

நேரம்: சனிக்கிழமை சென்னையில் இரவு 7:30. சிங்கப்பூரில் அப்போது இரவு 10, டொராண்டோவில் கோடையானால் காலை 10. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப்பின் இதே நேரம் டொராண்டோவில் காலை 9. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 10 ஆகிவிடும். அந்த இரண்டு தேதியையும் இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை நால்வர் காத்திருப்பீர்கள், ஐந்தாமவர் ஒரு மணி நேரம் கழித்துக் காபியோடு வந்து, ‘என்னடா, இன்னும் ஆரம்பிக்கலையா?’ என்பார்.